நாலாம் பாட்டில் குரல் மாறும் மெஷின்

பெட்டிக்குள்ளே ‘பரிசோதித்தது, சரி’ என்று சீட்டு ஒட்டி, அதற்குக் கீழே கோழி கிளறினதுபோல ஒரு கையெழுத்தும் போட்ட புண்ணியவானே, நீர் அந்த ரெக்கார்டு மெஷினை ஓட்டிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பாறசாலையில் என் பேர் இப்படிக் கெட்டிருக்காது.

ஆக்கர் கடைத் தொழிலில், அதாவது பழைய சாமானை எடுத்து விற்கிற தொழிலில், எதையும் நம்பக்கூடாது என்பதுதான் முதல் பாடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சாக்கும் தராசுமாக நெய்யாற்றின்கரை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி நான் படித்த பாடம் அது. இத்தனை வருஷத்தில் நான் ஏமாந்தது ஒரே ஒரு சாமானில். அதுவும் புதுச் சாமானில். புதுசு வாங்கி வயிறெரிந்த சகோதர சகோதரிகளே, நீங்களாவது கேளுங்கள்.

பேரம்

பழைய இசைத்தட்டுகளுக்கு இப்போது நல்ல மவுசு. திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து எடுத்துப்போகிறார்கள். ‘கேட்டுப் பார்த்து வாங்கவும்’ என்று கடை வாசலில் பலகை வைத்திருக்கிறேன். கேட்பதற்கு ஒரு பழைய மரப்பெட்டி பிளேயர் இருந்தது. வருகிறவர்கள் முன்னால் பவிசாக இருக்கட்டுமே என்று அதை விற்றுவிட்டு, புதுசு வாங்கக் களியக்காவிளைக்குப் போனேன். அது தமிழ்நாடு, என் கடை கேரளம். நடுவில் ஆட்டோவில் ஒரு கொட்டாவி விடுகிற தூரம்தான். அங்கே சாமான் கொஞ்சம் மலிவு.

கடைக்காரரிடம் ஒன்றரை மணிக்கூர் மல்லுக்கு நின்றேன். மூன்று தடவை எழுந்து வாசல்வரை போனேன். கடைசியில் விலையும் குறைத்து, மேல்மூடியைத் துடைக்க ஒரு துணியும் இலவசமாக வாங்கிக்கொண்டுதான் விட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்ல மறந்தே போனேன். பின்னால் சண்டைக்குப் போனபோது கடைக்காரர் வெற்றிலைச் சிரிப்போடு சொன்னார்: “அக்கா, நீங்க தர்க்கம் பண்ணின நேரத்துல நாலு ரெக்கார்டு முழுசாட்டு ஓட்டிப் பாத்திருக்கலாமே.”

கிரேஸ் டீச்சர்

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளைக் காலிபண்ணுகிறவர்கள், “சாமான் எடுக்க யாரைக் கூப்பிடலாம்?” என்று சர்ச் சபையில் கிரேஸ் டீச்சரிடம்தான் கேட்பார்கள். டீச்சர் என் பேரைச் சொல்வார். என் வீட்டு அரிசியில் பாதி அந்த ஒரு வாயிலிருந்து வருவதாக்கும். அந்த டீச்சர், தங்கச்சி மகள் கல்யாண வீட்டில் போட வேணும் என்று கிறிஸ்தவப் பாட்டு ரெக்கார்டு ஒன்று கேட்டிருந்தார். தேடிப் பிடித்து, கீறல் விழாமல் துடைத்து, புது மெஷினில் வைத்தேன். மற்றவர்கள் ஒரு பாட்டோடு எழுந்துவிடுவார்கள். டீச்சர் கண்ணை மூடி முழுசாகக் கேட்கிற ஆள்.

முதல் மூன்று பாட்டு தேன். நாலாம் பாட்டில் பாடுகிற அம்மாவின் குரல் இறங்கி இறங்கி, அவளுடைய அண்ணன் பாடுகிறதுபோல ஆயிற்று. தாளமும் கூடவே நொண்டியது. ரெக்கார்டு தேய்ந்தது என்றார் டீச்சர். என் சாமானைக் குறை சொன்னால் எனக்குக் கண் தெரியாது. “டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிப் போச்சு” என்று சொல்லித் தொலைத்தேன். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வசந்தா, நான் கல்யாண வீட்டுக்கு கேட்டேன், நீ அடக்க ஆராதனைக்கு உள்ளத தாற. இனி இந்தப் படி நான் ஏறமாட்டேன்.”

ஐந்து தொண்டைகள்

அந்த வாரத்தில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்ன இரண்டு வீட்டுக்காரர்கள் கூப்பிடவில்லை. வசந்தா தேய்ந்த ரெக்கார்டு விற்கிறாள் என்று பேச்சு. எனக்குச் சாமான் சுமக்கிற ஆட்டோ மணியன் பக்கத்தில் இருக்க, வெறியோடு ஐந்து ரெக்கார்டுகளை வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் மெஷின் ஆறுவதற்கு அரை மணிக்கூர் தேநீர். ஒவ்வொரு முறையும் நாலாம் பாட்டில் பாடகிக்கு மீசை முளைத்தது. சுழலும் தட்டைத் தூக்கித் தொட்டால் உள்ளே மோட்டார் கொதிக்கிறது, ரப்பர் பெல்ட் தளர்ந்து தொங்குகிறது. மணியன் தேநீரை ஆற்றியபடி சொன்னான்: “எக்கா, அஞ்சு பெண்ணுங்களுக்கும் நாலாம் பாட்டுலதான் தொண்டை கட்டுமா? குற்றம் இந்தப் பயலுக்காக்கும்.”

எந்த ஊர் மெஷின்?

கம்பெனி நம்பருக்கு அடித்தேன். திருவனந்தபுரம் சர்வீஸ்காரன், பில் தமிழ்நாட்டில் போட்டது என்று கையைக் கழுவினான். நாகர்கோவில்காரன், மெஷின் கேரளத்தில் இருக்கிறதே என்றான். இரண்டு பேரையும் நாலு தலைமுறைக்குத் திட்டினேன். கடைசியில் நாகர்கோவில் பையன் இறங்கி வந்தான், எல்லைவரைக்கும் மட்டும்.

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு மணியனின் ஆட்டோவில் களியக்காவிளை போனேன். ஒரு ஜூஸ் கடை மேஜையில் வைத்து ஓட்டினோம். முதல் பாட்டு கணீரென்று பாடியது. “தம்பி, இன்னும் மூணு பாட்டு இரி, மக்கா, ஒனக்கு சாத்துக்குடி வாங்கித் தாறேன்” என்று கெஞ்சினேன். அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. ஜூஸை மட்டும் குடித்துவிட்டு ‘குறை இல்லை’ என்று எழுதி, இன்னொரு சீட்டு ஒட்டினான். “மேடம், இது இங்க நல்லாத்தானே பாடுது, ஒங்க ஊருக்குத்தான் ஏதோ கோளாறு.”

விற்ற பெட்டி

சரி, பழைய மரப்பெட்டியைத் திரும்ப வாங்கி டீச்சர் வீட்டுக்கே தூக்கிப்போய்ப் பாடிக் காட்டலாம் என்று பாலராமபுரம் போனேன். வாங்கிய சேலைக் கடைக்காரர் அதைப் பூமாலை போட்டு நடுக்கடையில் வைத்திருந்தார். நான் கேட்ட விலைக்கெல்லாம் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இரவல் கேட்டதற்கும் அதே ஆட்டம்தான். விற்கும்போது நான் அவிழ்த்துவிட்டதை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார் மனுஷன். “சேச்சி, இதுபோல ஒண்ணு இனி உலகத்துல ஒருத்தனும் உண்டாக்க மாட்டான்னு நீங்கதானே சொன்னிய, பின்ன நான் எப்பிடி கையை விட்டு விடுவேன்?”

ஆகவே கையெழுத்துக்காரரே, வேறு பெல்ட்டை மட்டும் கூரியரில் அனுப்பித் தப்பலாம் என்று நினைக்காதேயும். காது மந்தம் என்று சொன்னதற்கு நான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அது என் பாடு. உம்முடைய பாடு வேறே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீச்சர் குடையை விரிக்கிற நேரத்துக்குச் சரியாக வாரும். உம் மெஷினில் நாலு பாட்டையும் ஓட்டிக் காட்டி, ‘ரெக்கார்டு சரி, வசந்தா சரி, மெஷின்தான் பிழை’ என்று சபையார் பார்க்கச் சீட்டு எழுதி என் கடைப் பலகையில் ஒட்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பரிசோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் என்ற பேர் உமக்கும் கிடைக்கட்டுமே.