பட்டியலில் மூன்றாம் முறை

நோர்வேயின் இந்த வடக்குக் கரையில் மார்கழியில் மத்தியானம் ஒன்றரைக்கே தெருவிளக்கு எரிகிறது. அந்த இருட்டைக் கண்டதும் போனைக் கையில் எடுப்பேன். முல்லைத்தீவில் அப்போது பின்னேரம் ஆறு மணி. என் தம்பி மகளின் ரீச்சர் 'அக்கறையில்லாத பிள்ளைகள்' என்ற பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடும் நேரம்.

கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டு. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னேரம் நாலரைக்குக் கணக்கு வரும்; இங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு. ஆறு மணிக்குள் விடையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்நேரம் என் தம்பி இறால் வலையோடு கடலோரக் களப்பில் நிற்பான். வீட்டில் படம் எடுக்கிற போன் ஒன்றுதான். தண்ணீரில் ஆபத்தென்றால் கூப்பிட அதுவும் அவனோடு போய்விடும். அதனால் தன் மகள் ஜெரோசாவுக்காக என் இலக்கத்தையும் குழுவில் சேர்ப்பித்தான். வருகிற கணக்கை நான் தாயின் பட்டன் போனுக்கு எடுத்துச் சத்தமாக வாசிப்பேன், பிள்ளை எழுதுவாள். படம் தம்பி கரைக்கு வந்த பின், மறுநாள் விடியத்தான் போகும். அதற்குள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். கீழ்வீட்டு நோர்வேக்காரக் கிழவி ஒருநாள் கதவைத் தட்டி, கைகூப்பிக் காட்டி, செபமா என்று கேட்டார். வெட்கத்தில் ஓமென்று தலையாட்டிவிட்டேன். அன்று முதல் பன்னிரண்டு மணிக்கு வானொலியைக் குறைத்து விடுகிறார்.

மூன்று முறை பெயர் வந்தால் புலமைப்பரிசில் வகுப்பில் இடமில்லை. ஜெரோசாவின் பெயர் இரண்டு முறை வந்துவிட்டது. “கடற்கரைச் சனத்துக்குப் படிப்பிலை என்ன அக்கறை” என்று ரீச்சர் குரல்பதிவும் அனுப்பியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கையில் மீன் வெடுக்கு மணக்குது என்று ஐந்தாம் வகுப்பில் என்னை வாசலில் நிறுத்திய என் காலத்து ரீச்சரின் குரலும் இப்படித்தான் இருந்தது. அதன்பின் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

மூன்றாம் நாள் ஜெரோசா, “இனி எழுத மாட்டன் மாமி. எழுதினாலும் பேர் வரும்தானே” என்றாள்.

“எழுத வேண்டாம். வாயாலை சொல்லு.”

இங்கே என் வீட்டுப் போனைச் சத்தமாக வைத்து, கைபேசியை அதன் அருகே பிடித்துப் பதிவை அழுத்தினேன். பத்துக் கணக்கும் பிழையில்லாமல் சொன்னாள். விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடையில் பாண் கேட்கவே குரல் வராத நான், “ரீச்சர், போன் களப்பிலை நிக்குது, அக்கறை வீட்டிலைதான் இருக்குது. என்னையும் ஒருக்கால் வாசலிலை நிப்பாட்டினவை. இவளை நிப்பாட்ட விடமாட்டன்” என்று சொல்லி விரலை எடுத்தேன். எல்லாம் குழுவுக்குப் போய்விட்டது.

அன்று பட்டியல் வரவில்லை. மறுநாள் விடிய வள்ளங்கள் கரைக்கு வந்ததும், மற்றக் கடற்கரைப் பிள்ளைகளும் தகப்பன்மாரின் போனில் ஒவ்வொருவராகக் கணக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் எஞ்சின் இரைந்தது. எல்லாவற்றையும் ரீச்சர் இருந்து கேட்டிருப்பார். கேட்கட்டும். எனக்குப் பச்சாதாபம் வரவில்லை. தேத்தண்ணீர் அன்று இனித்தது.

இப்போது தகப்பன் போனோடு கரைக்கு வந்தபின், விடிய ஏழு மணி வரை விடை அனுப்பலாம். ஜெரோசாவுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ரீச்சர் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இரண்டாம் முறையும் நான் வாசலுக்கு வெளியேதான்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே வானொலி இன்னும் குறைகிறது. வாசிக்க இப்போது எனக்குக் கணக்கு வருவதில்லை என்று அந்த மனுசிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? யன்னல் கண்ணாடியில் பனி ஒட்டிக் கிடக்க, கடலைப் பார்த்தபடி சத்தமாகச் சொல்கிறேன்: ஏழெட்டு ஐம்பத்தாறு.