கண் திறக்கும் வண்டி

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பாடிக்குப் போகிற ரோட்டில், டீக்கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் எனக்கு ஒரு ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம். வந்ததெல்லாம் நம் ஊர் வண்டிகள்தான். ஹெட்லைட் எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த்து, இந்த நான்கில் ஒன்று. அதற்கு மேல் அந்த வண்டிகளுக்கு வியாதி கிடையாது, எனக்குத் தெரியாத வைத்தியமும் கிடையாது. அந்தத் தலைக்கனத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், சிவப்பு நிறத்தில் ஒரு ஜப்பான் வண்டி வந்து கடை வாசலில் நின்றது.

நின்றது என்றா சொன்னேன்? வண்டி நின்ற பிறகும் அதன் இடது பக்க விளக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பூந்தமல்லிக்காரர். அவருடைய அப்பா குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் வளைகுடாவில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது இந்த வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பூந்தமல்லிலேர்ந்து இப்புடியே வந்துகினு கீறேன் நைனா. வானகரத்துல நின்னு கைதட்டுறானுங்க. இத்த மொதல்ல நிறுத்து" என்றார்.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஸ்விட்சை அணைத்தேன், சாவியை எடுத்தேன், அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் பேட்டரி வயரைக் கழற்றினேன். எல்லாருக்கும் முன்னால் இப்படி மூக்குடைபட்டதில் எனக்கு வந்த கோபத்தை, பக்கத்தில் நின்று சிரித்த வெல்டிங் கடைக்காரர் மேல் காட்டினேன்.

இரண்டு நாள் அந்த வண்டியின் வயிற்றிலேயே கிடந்தேன். புத்தகம் இல்லை, சொல்லித் தர ஆள் இல்லை. கையால் சுற்றிச் சுற்றித்தான் புரிந்துகொண்டேன். லைட் போடாதபோது விளக்குகள் பானெட்டோடு சமமாகப் படுத்திருக்கும், மேலே ஒரு மூடி. ஸ்விட்சைப் போட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக இருக்கிற மோட்டார் சுற்றும். மோட்டாருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதன் அச்சில் ஒரு சின்னக் கை, அந்தக் கையிலிருந்து மூடிக்கு ஒரு கம்பி. சக்கரம் அரைச் சுற்று சுற்றினால் கம்பி மூடியைத் தூக்கி நிறுத்தும். இறக்குவதற்கு மோட்டார் பின்னோக்கிச் சுற்றும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. அதே திசையில் இன்னொரு அரைச் சுற்று, அவ்வளவுதான். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு செம்புத் தகடு. அதில் அரைச் சுற்றுக்கு ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் கரண்ட் தானாக அறுந்து மோட்டார் நின்றுவிடும்.

இந்த வண்டியில் பழைய கிரீஸும் செம்புத் தூளும் சேர்ந்து அந்த இடைவெளியை அடைத்திருந்தன. நிற்கச் சொல்ல ஆளில்லாமல் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபியூஸை முதலில் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் இருக்கிற திருகை விரலால் சுற்றி மூடியைப் பாதி தூக்கி, கம்பியைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்தேன். தகட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புதுக் கிரீஸ் வைத்தேன். ஃபியூஸைப் பிடுங்காமல் அந்தத் திருகில் கை வைத்தால் விரல் மிஞ்சாது. முதல் நாளே அதில் நகம் ஒன்றைக் கொடுத்திருந்தேன்.

வண்டியை நானே பூந்தமல்லிக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். கரையான்சாவடி தாண்டி அவர் வீடு. வாசலில் ஒரு பிரம்பு நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரை அண்ணாத்தே என்றும் இவரை அண்ணி என்றும்தான் நான் கூப்பிடுவேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. முகத்தில் ஒரு பக்கம் இறங்கி, வலது கண் பாதி மூடியிருந்தது.

"அப்டியே நில்லு. ஒருவாட்டி லைட்ட போடு" என்றார் அண்ணாத்தே.

போட்டேன். இரண்டு விளக்கும் ஒன்றாக எழுந்தன. அண்ணியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. பிறகு உள்ளேயிருந்து பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி, "முழி" என்றார்.

வண்டி வந்த புதிதில், விளக்கு எழும்போதெல்லாம் 'முழிச்சிக்கினான்' என்று சொல்லிச் சிரிப்பாராம் அண்ணி. அந்தச் சொல்லில் பாதி மட்டும் அவரிடம் தங்கியிருந்தது.

"தண்ணி வேணுமா, சோறு வேணுமா, ஒண்ணுத்துக்கும் வாய் வரல. இத்த போட்டா மட்டும் சொல்றா" என்றார் அண்ணாத்தே. "டாக்டரு இன்னா சொல்லிகிறாருன்னா, ஒரு வார்த்த நின்னா அத்த புட்ச்சிகினு மத்ததும் வரும், வுட்றாதீங்கன்னு. தெனம் சாயங்காலம் போட்டுக் காட்றேன். ரெண்டு நாளா இல்லாம தவிச்சுப் போய்ட்டா நைனா."

அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ஆவடி குவாட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் தேர்வு எழுதி இரண்டு முறை கோட்டை விட்டவன். தெருவே டாங்கி செய்துகொண்டிருக்க, நான் ஹாரனுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவின் வாயில் ஒரு வார்த்தையை நிறுத்தி வைத்திருப்பவன் நான் என்று வீட்டில் வந்து சொன்னேன். அப்பாகூட பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட் ஏரியாவில் பொங்கலைவிட அது பெரிய நாள். யார் கடை வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். நான் பூந்தமல்லிக்குப் போய், "அண்ணாத்தே, பூஜைக்கு வண்டிய நம்ம கடைல நிறுத்தணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்" என்று கேட்டேன். அவருக்கும் சந்தோஷம், காலையிலேயே கொண்டு வந்து விட்டுப் போனார்.

டெஸ்டர், மீட்டர், ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பரப்பினேன். மற்ற வண்டிகளுக்கு ஹெட்லைட்டைச் சுற்றி மாலை போடுவோம். இந்த வண்டிக்குப் போட ஹெட்லைட்டே கண்ணில் படவில்லை. முகம் மொட்டையாக இருந்தது. கனமான சாமந்தி மாலை ஒன்றை அந்த இரண்டு மூடிக்கும் மேலாக இழுத்து, காற்றில் விழாமல் இருக்கட்டும் என்று கட்டுக்கம்பியைக் கோத்து பம்பருக்கு அடியில் கொடுத்து முறுக்கினேன். இரண்டு மூடிக்கும் நடுவில் பெரிய பெரிய பொட்டு வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

கற்பூரம் காட்டும்போது வண்டிக்கு உயிர் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இஞ்சின் ஓட வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், லைட் எரிய வேண்டும். வெல்டிங் கடைக்காரர் கற்பூரத் தட்டை எடுத்தார். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ஹாரனை அழுத்தி, லைட்டைப் போட்டேன்.

பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வலது பக்க மூடி மாலையைத் தள்ளிக்கொண்டு எப்படியோ எழுந்துவிட்டது. இடது பக்கம் எழவில்லை. உள்ளே பிளாஸ்டிக் சக்கரத்தின் பல் உடைந்து, மோட்டார் மட்டும் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பல் போன சக்கரம் நின்றுவிட்டால் அதோடு சேர்ந்து தகடும் நின்றுவிடும், அப்புறம் மோட்டாரை நிறுத்த எதுவும் இல்லை. சத்தத்தைக் கேட்ட அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த ஊரிலேயே அது எப்படி எழும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானே அதன் தலையில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். இறங்கிப் போய் ஃபியூஸைப் பிடுங்கினேன்.

மாலையை அவிழ்த்து, பொட்டைத் துடைத்து, கட்டுக்கம்பியைச் சாக்கடையில் எறிந்தேன். சாயங்காலம் அண்ணாத்தே வந்தபோது, "கியர் தேஞ்சிருக்கு. பழசாச்சே, போட்டதும் போய்டுச்சு" என்றேன்.

அவர் என்னைக் கோபித்திருந்தால் உண்மை வாயில் வந்திருக்கும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பூஜ நாளும் அதுவுமா உன் கடைல வந்தா இப்புடி ஆவணும்? தப்பா எட்த்துக்காத நைனா." என்னிடம் அவர் வருத்தம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறினேன். பழைய வண்டிகளை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள், இப்படி ஒரு மோட்டார் எவரிடமும் இல்லை. ஜி.பி. ரோட்டில் ஒருவர் பல் உடைந்த சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோதிரம் செஞ்சு போட்டுக்கோ" என்றார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பம்பாயில் ஒரு கடைக்குப் பேசினேன். வண்டியின் நம்பர் கேட்டார்கள், வருஷம் கேட்டார்கள், வைத்துவிட்டார்கள்.

குவாட்டர்ஸில் என்னோடு வளர்ந்த நண்பன் ஒருவன் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பித்தளையில் ஒரு சக்கரம் வெட்டித் தரச் சொன்னேன்.

"மாமே, இத்த ஏன் பிளாஸ்டிக்ல போட்டான்னு யோசிச்சியா? ஏதாச்சும் சிக்கிகிச்சுன்னா இது உடைஞ்சு மோட்டார காப்பாத்தும். பித்தள உடையாது" என்றான் அவன்.

"நீ வெட்டுடா" என்று கத்தினேன்.

வெட்டிக் கொடுத்தான். மூன்று நாள் வேலை செய்தது. அந்த மூன்று நாளும் அண்ணி 'முழி' சொன்னார் என்று அண்ணாத்தே டீக்கடை போனில் கூப்பிட்டுச் சொன்னார். நாலாம் நாள் பித்தளைப் பல் ஏதோ ஓரிடத்தில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சக்கரம் உடையவில்லை. நண்பன் சொன்ன மாதிரியே மோட்டார்தான் கருகியது. மூடி பாதியிலேயே நின்றுபோனது.

போய்ப் பார்த்தேன். வண்டி வாசலில் நின்றது. ஒரு கண் முழுதாகத் திறந்தும், எதிரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வலது பக்கமாக இருக்கிற இன்னொரு கண் பாதி மூடியும். அதற்கு நேர் எதிரே அண்ணி உட்கார்ந்திருந்தார், அதே மாதிரி முகத்தோடு.

"இத்த பாத்தா மூஞ்ச திருப்பிக்கிறா நைனா. நேத்துலேர்ந்து அந்த ஒரு வார்த்தயும் இல்ல" என்றார் அண்ணாத்தே.

ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி இல்லை. எட்டாம் நாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். அவர் என்னைப் பேச விடவில்லை. "எதாச்சும் செய், இன்னிக்கி ஒரு நாளாச்சும்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு பானெட்டைத் திறந்தேன்.

என் கையில் இருந்த கடைசி வைத்தியம் ஒன்றுதான். மோட்டார்களின் ஃபியூஸை மட்டும் பிடுங்கி, இரண்டு பக்கமும் மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டேன். இப்போது மூடிகள் கையால் தூக்கினால் தூக்கிய இடத்துக்கு வரும். அண்ணாத்தேவை சீட்டில் உட்கார வைத்து, நான் சொன்னதும் லைட்டைப் போடச் சொன்னேன். வண்டிக்கு முன்னால் மண்ணில் முட்டி போட்டு, இரண்டு கையையும் அகல விரித்து, இரண்டு மூடியையும் ஒன்றாகத் தூக்கினேன். விளக்கு எரிந்தது. அண்ணி பார்த்தார். இறக்கினேன், மறுபடி தூக்கினேன். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்க இரண்டு கையும் இல்லை. எத்தனை முறை தூக்கினேனோ தெரியாது. முட்டி எரிந்தது. பக்கத்தில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரே ஒரு தரம் அந்த 'முழி' வந்துவிட்டால் போதும் என்று ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

"போதும்" என்றார் அண்ணி.

தெளிவாக, முழுசாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணாத்தே கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். "பேசிட்டாடா, புதுசா பேசிட்டாடா" என்று என் தலையைப் பிடித்து உலுக்கினார். அழுதார். டாக்டர் சொன்னது சரிதான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட ஓடினார்.

வாசலில் நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். யாரிடமும் போய்ச் சொல்ல முடியாத ஒருவரிடம் சொல்வது எவ்வளவு கோழைத்தனம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. இருந்தும் சொன்னேன்.

"அண்ணி, அது பழசாகிப் போகல. மாலயப் போட்டுக் கட்டி நான்தான் ஒடச்சேன்."

அண்ணியின் கண் என் மேலேயே நின்றது. ஒன்று முழுதாக, ஒன்று பாதி. புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணாத்தே ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "சொல்லும்மா, அவுங்க கேக்கட்டும், ஒருவாட்டி சொல்லு" என்று கெஞ்சினார். அண்ணி வாயைத் திறக்கவில்லை. "நீயாவது சொல்லு நைனா, உன் எதிர்லதான பேசினா?" என்று என்னைக் கேட்டார்.

நானும் திறக்கவில்லை.