இடது இறக்கை இரண்டு

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தம்போயில், எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மெஷின், துணி வெட்டுகிற நீள மேசை, ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களின் பைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விமான இருக்கைகளைக் கழற்றிக் கொண்டுவந்து பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் பல வருடமாக இருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைத் தாண்டினால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஆயிரக்கணக்கான இருக்கைகளைத் தொட்டவர், ஒரு தடவைகூட விமானத்தில் பறந்ததில்லை.

ஒருநாள் பட்டறையில் யாரோ வேண்டாமென்று போட்ட பழைய பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம். கூரை போட்டது மாதிரி இறக்கை தலைக்கு மேலே இருந்தது.

"இதப் பாரேன். எங்க தாத்தா காலத்து விமானம். ரெண்டே ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து போலாம்."

நான் சட்டி கழுவிக்கொண்டே "ம்ம்" என்றேன்.

"மேல போத்தியிருக்கிறது தகரம் இல்ல. துணி."

"துணியா?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தேன். வெளிச்சம் படுகிற இடத்தில் உள்ளே இருக்கிற மரச்சட்டங்கள் நிழலாகத் தெரிந்தன. இவ்வளவு பெரிய உடம்புக்கு எங்கே தையல் போட்டிருப்பார்கள், ஓரத்தை எப்படி மடித்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்படித்தான் அந்த விமானத்தைச் சிறிதாகச் செய்து பார்க்கும் எண்ணம் வந்தது. அவர் வரைபடத்தைத் தேடி எடுத்தார். பால்சா மரத்தைத் தபாலில் வரவழைத்தோம். பிஸ்கட் போல மெல்லிய பலகை அது. கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை என் தையல் ஸ்கேல் அளவுக்குத்தான் வரும். மோட்டார் கிடையாது. உள்ளே ரப்பர் வாரை முறுக்கிவிட்டால் முன்னால் இருக்கிற விசிறி சுற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் கனமே இருக்கக்கூடாது.

"மொத்தமும் சேர்த்து ஒரு முட்டை எடைதான். அதுக்கு மேல போனா பறக்காது," என்றார். கேக் செய்ய வைத்திருந்த தராசு முன்னறைக்கு வந்தது.

நாங்கள் நாலைந்து குச்சிகள்கூட ஒட்டியிருக்க மாட்டோம். நோய் பரவுகிறது, எல்லையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தப் பக்கம் போய்விட்டால் வேலை இருக்கும், இந்தப் பக்கம் நின்றுவிட்டால் என்ன ஆகுமென்று தெரியாது. கம்பெனியில் தங்க இடம் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம்தானே மூடுவார்கள் என்று கிளம்பினார். வரைபடம் இரண்டு தாளாக இருந்தது. உடம்புப் பகுதி இருந்த தாளையும் பாதிப் பலகைகளையும் சுருட்டி அவர் பையில் நானே வைத்தேன்.

"ரெண்டு வாரம் ரூம்ல சும்மா என்ன பண்ணுவீங்க? நீங்க உடம்பச் செய்ங்க. நான் இறக்கையும் வாலும் செய்றேன்."

வாசலில் மோட்டார் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். இரண்டு வாரம் நாலு வாரமானது. அப்புறம் நாங்கள் வாரக் கணக்கே பார்க்கவில்லை.

திருமணங்கள் நின்றுபோயின, கோயில் திருவிழா நின்றுபோனது, ரவிக்கை தைக்க யாரும் வரவில்லை. வெட்டுகிற மேசை காலியாகக் கிடந்தது. அதன்மேல் மெத்தென்ற அட்டையைப் போட்டு, வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, குண்டூசிகளால் குச்சிகளைக் கோட்டின் மேலேயே நிறுத்தினேன். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ரவிக்கை அளவு வரைவது போலத்தான். சாயங்காலம் அவர் அழைப்பார். போனை மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் அவரவர் வேலையைச் செய்வோம். சில நாள் ஒரு மணி நேரம் பேசாமலே இருப்போம். அங்கே அவர் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் இங்கே கேட்கும்.

முதல் இறக்கைப் பாதி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. பெருமையாக இரண்டையும் போன் முன்னால் பிடித்தேன். அவர் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"திருப்பிக் காட்டு."

காட்டினேன்.

"அலமாக்! ரெண்டும் இடதுலா!"

வரைபடத்தில் இடது பாதி மட்டும்தான் இருந்தது. அதன்மேலேயே இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். இத்தனை வருடத் தையலில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டினவள் இல்லை நான். அவர் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, அவருடைய அறைக் கூரைதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லை மூடினபிறகு இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றுதான் முதல்முறை.

வலது பாதிக்கு என்ன செய்வது என்று நானே யோசித்தேன். வரைபடத்தின் பின்பக்கம் சமையல் எண்ணெயைத் தேய்த்தேன். காகிதம் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கட்டினேன். அவர் அதைத் தன்னோடு தங்கியிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

மழைக்காலத்தில், துணிக்குப் பதிலாக மெல்லிய காகிதத்தை இறக்கைகள் மேல் ஒட்டித் தண்ணீர் தெளித்தேன். காய்ந்தால் முரசுத் தோல் போல இறுகும். இறுகியது, ஆனால் இறக்கை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. நீராவி இஸ்திரிப்பெட்டியின் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருகி, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். நேராகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகலாம், ஆனால் இரண்டு பக்கமும் சில நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்திருந்தது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூட வேலை செய்கிறவரின் மனைவி பழைய துணி ஒன்றைச் சரிசெய்யக் கொடுக்க வந்தபோது, "எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு, உங்களவரு வரலியா?" என்று கேட்டார். என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அந்த அம்மா பையை வைத்துவிட்டு உடனே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கேட்டேன். "வரலாமுன்னு தெரிஞ்சும் வரலியா?"

"விமானமே பறக்கல. ஆள் குறைக்கிறாங்க. இப்ப லீவு போட்டா என் இடம் போயிரும்."

"போகட்டும்னு நான் சொல்லல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போனை அணைத்தேன். இறக்கைகளைத் துணியில் சுற்றி அலமாரி மேல் போட்டேன். மூன்று வாரம் சாப்பிட்டாயா, கரண்ட் பில் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அந்த மூன்று வாரமும் வீடு எனக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு படம் அனுப்பினார். விமானத்தின் உடம்பு, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்திருந்தார். அங்கே விரல்நகம் அளவில் இரண்டு இருக்கைகள். பட்டறையில் மிஞ்சின தோல்துண்டைச் சீவிச் சீவி மெல்லிசாக்கி உறை போட்டிருந்தார். தையல்கூடத் தெரிந்தது. நான் அழைத்தேன்.

"வரைபடத்துல இது இல்லியே. கனம் கூடுமே?"

"கூடட்டும்."

"பறக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆளு உக்கார எடம் இல்லாம பறந்து என்ன செய்யப் போவுது?" என்றார். பிறகு, "சொல்லாம இருந்தது தப்புதாம்மா. சொன்னா நீ வரச்சொல்லுவ. நீ வரச்சொன்னா நான் வந்திருவேன். அதான் பயம்," என்றார்.

நான் அழுதது அவருக்குத் தெரியக்கூடாதென்று போனை மேசைமேல் கவிழ்த்தேன். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த இறக்கைகளை எடுத்தேன்.

ஒன்றரை வருடத்துக்கும் மேலாகி எல்லை திறந்தபோது, முதலில் பஸ்களை மட்டும்தான் விட்டதால், பஸ்ஸில் வந்தார். மடியில், காலுக்குச் சப்பாத்து வாங்கின அட்டைப்பெட்டி. சோதனைச் சாவடியில் ஒரு மலாய் அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தாராம். "இது என்ன, பாங்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்க, இவர் "கப்பால் தெர்பாங்", விமானம் என்று சொல்ல, "இறக்கை எங்கே?" என்றாராம். "மனைவியிடம்" என்று சொன்னதும் மூடியைத் தானே பதமாக மூடிக் கொடுத்தாராம்.

பஸ் நிலையத்தில் நான் நின்றிருந்தேன். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது, போனில் அது தெரியவே இல்லை. கட்டிப்பிடிக்க வெட்கமாக இருந்தது. "பெட்டியக் கொடுங்க," என்றுதான் சொல்ல வந்தது.

மறுநாள் காலையில் மேசைமேல் உடம்பையும் இறக்கைகளையும் பொருத்தினோம். இறக்கை உட்காருகிற இடம் சரியாக இருந்தது. வால்தான் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது யார் தப்பு என்பதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. தராசில் முதலில் விமானத்தை வைத்துப் பார்த்தோம், பிறகு குளிர்பெட்டியிலிருந்து முட்டையை எடுத்து வைத்தோம். விமானம் முட்டையைவிட எட்டு கிராம் அதிகம்.

அந்த வாரக் கடைசியில் விமானத்தைக் காரில் வைத்துக்கொண்டு பெக்கான் நானாஸில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். பக்கத்தில் அன்னாசிச் செடிகளை அழித்துவிட்டுச் சும்மா போட்டிருந்த நிலம் ஒன்று இருந்தது. காற்று எழும்புமுன்னே போய்விட்டோம். முதல் தடவை மூக்கைத் தூக்கி, அசைந்து, வாலில் விழுந்தது. முன்பக்கம் கனம் சேர மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டினார். இரண்டாவது தடவை நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. மூன்றாவது தடவை ரப்பரை அவர் முறுக்கிக்கொண்டே போக, "அறுந்துரும், போதும்," என்றேன் விமானத்தைப் பிடித்தபடியே.

"நீயே விடு," என்றார்.

தள்ளவில்லை, விட்டேன். அவ்வளவுதான். அது ஏறியது. காலை வெயில் காகிதத்தை ஊடுருவ, நான் வெட்டின ஒவ்வொரு சட்டமும் கீழேயிருந்து தெரிந்தது. இடதுபக்கம் மெதுவாகச் சாய்ந்து எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. விசிறி நின்ற பிறகும் அது விழவில்லை. சத்தமே இல்லாமல் மிதந்துபோய் அடுத்த தோட்டத்து அன்னாசிச் செடிகளுக்கு நடுவே இறங்கியது.

அன்னாசி இலையின் ஓரத்தில் முள் இருக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் எனக்குத் தெரியும். அவர் அரைக்கால் சட்டையோடு உள்ளே ஓடிவிட்டார்.

"அங்க நிக்காதீங்க, வரிசையோட போங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன்.

வலது இறக்கையில் நீளமாக ஒரு கிழிசல். மற்றபடி முழுசாக இருந்தது. திரும்பி வந்து காரின் இரண்டு கதவையும் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் காலில் கீறல் கீறலாக ரத்தம். ஈரத்துண்டால் நான் துடைத்துக்கொண்டிருக்க, அவர் விமானத்தை மார்பில் வைத்துப் பிடித்தபடியே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டையோடு. எழுப்ப மனம் வரவில்லை. வெயில் ஏறும்வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.