திடலைக் காக்க நட்ட சூலம்

எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த ஒரே திடலில் கொண்டோ அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்ற அறிவிப்புப் பலகையைச் சட்டப்படிதான் நட்டிருந்தார்கள். நட்ட இடம்தான் வேடிக்கை. வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஓடும் பெரிய லோங்காங்கைப் பார்த்தபடி அது நின்றது. அந்தக் கால்வாய்ப் பக்கம் மனிதர்கள் போவதில்லை. அங்கே குடியிருக்கும் உடும்புகள் படித்துப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

காணாமல்போன பூனையைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போன பக்கத்து வீட்டு மலாய்க்காரர்தான் அதைக் கண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை அக்கா முறையில் 'காக்' என்பார், நான் அவரை அண்ணன் முறையில் 'அபாங்' என்பேன். எங்கள் கேட்டைத் தட்டி, மலாயில், "காக், உங்க தம்பி பாக்குற திடல விக்கப்போறாங்க" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தம்பிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப் போயிருந்தது. பேச்சு குழறும். மாடிப்படி ஏற முடியாது. அதனால் கீழே முன்னறையில், தலைமாட்டைக் கைப்பிடியால் சுற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டு, திடலைப் பார்த்த ஜன்னலோரமாகப் படுக்க வைத்திருந்தேன். அந்தக் கட்டிலில்தான் அவன் நிமிர்ந்து உட்கார முடியும். உட்கார்ந்து, மாலையில் பந்து விளையாடுபவர்களைப் பார்த்து, இடக்கையை ஆட்டி, ஆட்டத்தைக் கெடுப்பவர்களைத் திட்டுவான். அவனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அதுதான்.

ஆனால் எனக்குப் பயம் வேறு. எங்கள் தாமான் பள்ளத்தில் இருக்கிறது. அந்தத் திடல் அதைவிடப் பள்ளம். எங்கள் கிள்ளான் ஊரில் கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் திரும்பி வரும். வந்து முதலில் திடலில் இறங்கும். ஓர் இரவு முழங்கால் அளவு நிற்கும், மறுநாள் வடிந்துவிடும். இத்தனை வருடம் எங்கள் வீட்டு வாசல் நனையாததற்கு அந்தப் பள்ளம்தான் காரணம். அதில் மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்? நேராக என் தம்பியின் கட்டிலுக்கு வரும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

விசாரித்தபோதுதான் அடுத்த வேடிக்கை தெரிந்தது. அதைத் திடல் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நகராண்மைக் கழகத்தின் வரைபடத்தில் அது என்றைக்குமே திடல் இல்லையாம், 'எதிர்கால மேம்பாட்டுக்கான நிலம்'. கோல் கம்பம் நட்டுக் கொடுத்தது அவர்கள். புல் வெட்ட ஆள் அனுப்பியது அவர்கள். தேர்தல் நேரத்தில் நாற்காலி போட்டு அங்கேயே எங்களுக்கு நாசி லெமாக் கொடுத்ததும் அந்தக் கூட்டம்தான். கேட்டால், வரைபடத்தில் இல்லையே என்று கையை விரித்தார்கள்.

சரி, சண்டை போடுவோம் என்று கிளம்பினோம். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அபாங் மலாய்க்காரர்கள் வீட்டுக்குப் போனார், மூலை வீட்டுச் சீன ஆன்டி அவர்கள் ஆட்களைப் பார்த்தார், நான் நம்மவர்கள் வீடுகளில் ஏறி இறங்கினேன். எல்லாரும் ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு, ஒரு காரியத்தில் மூன்று இனமும் முகம் கோணாமல் நிற்பதைப் பார்க்க உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்கைக் கண்டால் விடமாட்டார். பிறந்தநாள் விருந்தில்கூட வரவேற்புரை ஆற்றுவார். கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் குறுக்கு வழி ஒன்று வைத்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் ஜன்னலைத் திறந்தபோது திடலோரத்து ஆங்சானா மரத்தடியில் ஒரு சூலம் நட்டிருந்தது. மரத்துக்கு மஞ்சள் துணி. அடியில் குங்குமம் அப்பிய கல். பக்கத்தில் வேட்டியும் வெற்று மார்புமாகத் தலைவர்.

போய்க் கேட்டேன். "என்ன தலைவரே இது?"

"அம்மன் அக்கா. கோயில் இருந்தா ஒருத்தனும் கை வைக்க மாட்டான் லா. எத்தன எடத்துல பாத்திருக்கோம்!"

"நாம திடலக் கேட்டுத்தானே சண்ட போடுறோம்? கோயில் கேட்டா போடுறோம்?"

"அக்கா, அம்மாவுக்கு எதிரா மட்டும் பேசாதீங்க."

நான் வீட்டுக்குத் திரும்பினேன். நான் சாமி கும்பிடாதவள் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் நமக்குச் சண்டை போடத் துணிவில்லாத இடத்தில் எல்லாம் அம்மனைக் காவலுக்கு நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. புல்டோசர் முன்னால் நாம் நிற்க மாட்டோம், அவள் நிற்க வேண்டும்.

கொஞ்ச நாளில் சூலத்துக்குத் தகரக் கூரை வந்தது. உண்டியல் வந்தது. ஒலிபெருக்கி வந்தது, அதுவும் என் தம்பியின் ஜன்னலைப் பார்த்து. வெள்ளிதோறும் சுண்டல். சாப்பிட்ட காகிதத் தட்டுகள் திடல் முழுக்கப் பறந்தன. பந்து விளையாடும் மலாய்ப் பையன்களை, கோயில் பக்கம் பந்து வரக் கூடாது என்று விரட்டினார்கள். திடலைக் காப்பாற்ற வந்தவர்கள் திடலில் இருந்தவர்களையே துரத்தினார்கள்.

ஒரு நாள் அபாங்கை வேலியோரம் பிடித்து, எங்கள் மனுமேல் நகராண்மைக் கழகம் வைத்திருந்த விசாரணைக்கு எப்போது புறப்படலாம் என்று கேட்டேன். அவர் வாழை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தலை நிமிராமல் பேசினார்.

"காக், நான் திடலுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப அது கோயில் விஷயமாச்சு. அதுல நான் வந்து என்ன பேசுறது? எங்க ஆளுங்க ஒண்ணு சொல்வாங்க, உங்க ஆளுங்க ஒண்ணு சொல்வாங்க. வேணாம் காக்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூலை வீட்டு ஆன்டியும் வரவில்லை. நகராண்மைக் கழக விசாரணைக்கு நாங்கள் மட்டும், அதாவது நம்மவர்கள் மட்டும், ஒரு வேனில் போய் இறங்கினோம்.

அந்த அறையில் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைத்தது. மேசைமேல் ஆளுக்கொரு பெட்டியில் கரிபாப்பும் குயே பலகாரமும். கொண்டோ கட்டும் மேம்பாட்டாளர் தரப்பில் சீனரையோ மலாய்க்காரரையோ எதிர்பார்த்துப் போனோம். வந்தது ஒரு தமிழர். நெற்றியில் பளிச்சென்று விபூதி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. உள்ளே நுழைந்ததும் தலைவரைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார். அதற்கு முன்னால் இருவரும் பார்த்துக்கொண்டதே கிடையாது. யாரை அனுப்பினால் நாங்கள் உருகுவோம் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரியின் முதல் கேள்வியே, "அந்தக் கோயில் விஷயத்தில் உங்கள் கோரிக்கை என்ன?" என்பதுதான். திடலைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி அல்ல. நாங்களே கதவைத் திறந்துவிட்டிருந்தோம், அவர்கள் சிரமமில்லாமல் உள்ளே வந்தார்கள்.

விபூதிக்காரர் எழுந்தார். "சாமி எங்கயும் போகாது. அதுக்கு நான் கேரண்டி. திடல் மூலையில எடம் ஒதுக்கி, மேடை போட்டு, டைல்ஸ் ஒட்டி, சின்னதா கோபுரமும் கட்டிக் குடுக்குறோம். நம்ம அம்மாவுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறோம்?"

தலைவரின் கண் கலங்கிவிட்டது. எங்கள் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். திடலை உயர்த்தினால் கடல் ஏற்றத்தில் கால்வாய்த் தண்ணீர் முதல் வரிசை வீடுகளுக்குள் வரும் என்று மலாயில், முடிந்தவரை பணிவாக, சொன்னேன். அதிகாரி கனிவோடு தலையை ஆட்டினார். "வடிகால் அறிக்கை எல்லாம் இருக்கு, புவான். நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டோம்." அவருடைய பேனா மூடி போட்டபடி கிடந்தது. பக்கத்திலிருந்த அதிகாரி குயேயின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "அக்கா, காரியம் கூடி வர்ற நேரத்துல கெடுக்காதீங்க." பிறகு, குடியிருப்பாளர்கள் அனைவர் சார்பிலும் ஆட்சேபத்தை மீட்டுக்கொள்வதாக, மைக்கைப் பிடித்து, கணீரென்று அறிவித்தார். அபாங்கின் கையெழுத்து, சீன ஆன்டியின் கையெழுத்து, என் கையெழுத்து எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடித்துக்கொண்டு போயின. திரும்பி வரும்போது வேனில் "ஜெயிச்சிட்டோம்" என்று கத்தினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

லோரிகள் வந்தன. காலை முதல் மாலை வரை செம்மண். தம்பியின் ஜன்னல் கம்பிகளில் தூசு படிந்தது. கோல் கம்பங்கள் மண்ணுக்குள் போயின. கடைசியில் திடல், என் வீட்டுக் கேட்டின் பூட்டு உயரத்துக்கு வந்து நின்றது. எந்த மரத்தில் மஞ்சள் துணி கட்டினார்களோ, அந்த ஆங்சானா மரத்தையே வெட்டிவிட்டார்கள். மேடைக்கு அது இடைஞ்சலாம். தலைவர் அதற்கும் ஒரு பூசை போட்டுச் சமாதானம் ஆகிவிட்டார்.

கும்பாபிஷேகத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். உயர்த்திய மண்ணுக்கு மேலே இன்னும் இடுப்பளவு உயரத்தில் மேடை. வயதானவர்கள் படியேற முடியாமல் மூச்சு வாங்கினார்கள். எதற்கு இவ்வளவு உயரம் என்று விபூதிக்காரரிடம் கேட்டேன்.

"தண்ணி வந்தா அம்மா பாதம் நனையக் கூடாது பாருங்க அக்கா, அதான்" என்று சிரித்தார்.

கையில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலை மேடை ஓரத்திலேயே வைத்துவிட்டேன். ஆக, தண்ணீர் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு வரும் என்றுகூடத் தெரியும். அதற்கேற்றபடி கல்லுக்கு மேடை கட்டத் தெரிந்தவர்களுக்கு, கட்டிலில் கிடக்கும் மனிதனைப் பற்றிச் சொன்னபோது மட்டும் காது கேட்கவில்லை. சுற்றியிருந்த யாருக்கும் இது உறைக்கவில்லை. அன்னதான வரிசை கோணாமல் நிற்கிறதா என்பதில்தான் எல்லாருக்கும் கவனம்.

கொண்டோ ஐந்தாம் மாடியைத் தாண்டுவதற்குள் அந்த மழை வந்துவிட்டது. மத்தியானம் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் குளியலறைத் துவாரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழ் விட்டது. நான் துணியை வைத்து அடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசல் வழியாகவும் வந்துவிட்டது. கட்டில் கால் மூழ்கியது, பிறகு மெத்தையின் அடிப்பக்கம். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, மேல போ" என்றான். அவனை விட்டுவிட்டு நான் எங்கே மேலே போவது?

அபாங்கும் அவர் மகனும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார்கள். நான் கூப்பிடவே இல்லை. தம்பியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். எங்கள் குறுகலான மாடிப்படியில் நாற்காலி திரும்பாது என்பதால் வெளியே கொண்டுவந்தார்கள். சாலை தெரியவில்லை. கொண்டோ மனையைச் சுற்றித் தகர வேலி, அதன் கேட்டில் பெரிய பூட்டு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நாங்கள் போய் ஏறக்கூடிய காய்ந்த தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வேலிக்கு வெளியே மூலையில் நின்ற கோயில் மேடை.

படியருகே வந்ததும் அபாங் நாற்காலியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிந்து, செருப்பைக் கழற்றிக் கீழ்ப் படியில் வைத்தார். அந்த வெள்ளத்தில் செருப்போடு ஏறினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வைத்த கையோடு தண்ணீர் அவற்றைக் கொண்டுபோனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் தம்பியை மேலே ஏற்றினார்.

மேடையில் ஏற்கெனவே முதல் வரிசை வீட்டுக்காரர்கள் குழந்தைகுட்டிகளோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தலைவர். நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, முகமெல்லாம் பரவசமாக, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீங்களா அக்கா! அம்மா நம்ம எல்லாரையும் காப்பாத்திட்டா!"

எனக்கு அந்த ஆளை அப்படியே தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது. "இவ்வளவு தண்ணி வரும்னு தெரிஞ்சுதானே தலைவரே இத இவ்வளவு உயரமா கட்டினாங்க?" என்றேன்.

"இந்த நேரத்துல போய் அரசியல் பேசாதீங்க லா, அக்கா."

சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். மணி அடித்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் கும்பிட்டேன். அவள் என்ன செய்தாள் பாவம், அவளையும் எங்களைப் போலத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அபாங் ஓரமாக, மழைச் சாரல் அடிக்கும் இடத்தில், வெறுங்காலோடு நின்றிருந்தார்.

தலைவர் விபூதித் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். தம்பியின் முன் நின்று, அவன் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனார். தம்பி இடக்கையைத் தூக்கி அந்தக் கையைத் தடுத்தான். அங்கிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் நேராகத் தெரிந்தது. அவன் மெத்தை மிதந்து வந்து கம்பியில் முட்டிக்கொண்டிருந்தது.

அவன் பேச்சு எனக்கு மட்டும்தான் எப்போதும் புரியும். அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது.

"மொதல்ல என் கட்டிலக் கொண்டாங்க" என்றான்.