திரும்பாத ஸ்டீயரிங்

ஆரணியில் நான் பைக் மெக்கானிக். விடாத மழையில் ஏரி உடைந்து, பக்கத்து ஊர் தண்ணீரில் சிக்கியது. ஆட்களை மீட்க வந்த சின்ன மோட்டார் படகின் ஸ்டீயரிங் திரும்பவே இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கேபிளைக் கழற்றினேன். அது நுழையும் குழாயில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. சுரண்டிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள்.

“வீட்டுக்குள்ள தண்ணி ஏறிகினு இருக்குதுங்க. தறியில பொடவைக்குப் பூட்டுன பட்டுப் பாவு நூலு இருக்குது, ஜல்தி வாங்க.”

எதிரே கூரைமேல் ஜனங்கள் நின்றிருந்தார்கள். “யாரையாவது கூப்பிட்டுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி சுரண்டினேன். புது கிரீஸ் தடவியதும் ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியது. படகு கிளம்பியது. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்குப் போனால் தறியில் பாவு இல்லை. சுவர்த் தகராறில் எங்களோடு பேச்சையே நிறுத்திவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், அதை நனையாமல் சுருட்டித் தன் மாடியில் வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“மொதல்ல உக்காருங்க, கண்ணு சொருவுது உங்களுக்கு” என்று சோறு போடச் சொன்னார்.

சுவரைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் ஏறியிருந்தால் நான் போயிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.