வளையல் போட்டதும் நின்ற வேலை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடைக்கு ஒரு மனு, மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சில லீவு லெட்டர்கள், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் ஊர் படிக்க எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் பற்றி வருகிற இடங்களில் என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது என் காதினுடையது, சொன்னவர்களுடையது இல்லை.

என் மகள் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காயத்துக்குச் சுற்றுகிற துணியை வெட்டி, ரோலாகச் சுற்றி, கவரில் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி. இவளுக்கு ரோலிங் மிஷினில் வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். சுழலுகிற கம்பிக்குப் பக்கத்தில் கை போய்ப் போய் வரும். அதனால் வளையலோடு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். கேட்டை ஒட்டிய அறையில் சுவர் முழுக்க ஆணி அடித்திருக்கும். காலையில் பெண்கள் வளையலைக் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள், சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். நல்ல ஏற்பாடுதான், யாருக்கும் அதில் குறை இல்லை.

ஆனால் வளைகாப்பு வளையலை ஆணியில் மாட்ட முடியாது. அது பிரசவ வார்டில்தான் கையை விட்டு இறங்க வேண்டும், நடுவில் கழற்றினால் ஆகாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அந்தக் கம்பெனியில் வளைகாப்புக்குப் பிறகு எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. ‘வளையல் போட்டாச்சு, நின்னுக்கிட்டா’ என்பார்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பப் போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். புது ஆளாக, வேலை பழகுகிறவர்களுக்குக் கொடுக்கிற கூலியில். எத்தனை வருஷம் பார்த்திருந்தாலும் அதே கதைதான். இது நம் வழக்கத்தால் வந்தது, கம்பெனி என்ன செய்யும் என்றே எல்லாரும் நினைத்தோம்.

மகளுக்குத் தேவதானத்தில் அவள் மாமியார் வீட்டில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. முடிந்ததும் ராஜபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மறு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அவள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“எங்கட்டி கிளம்புற?”

“வேலைக்கு.”

“வளையல் போட்டாச்சேட்டி.”

“கையில போட்டா என்னம்மா? மடிப்பு டேபிள்ல மிஷினா இருக்கு? உக்காந்து மடிச்சு கவர்ல போடுற வேலை. அதைக் குடுங்கன்னு கேக்கப் போறேன்.”

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டாராம். “என் வேலைக்கு வேட்டு வெச்சிராத தாயி, நல்லபடியாப் பெத்துட்டு வா” என்று கும்பிட்டாராம். மேனேஜர் வெளியே வந்து, மடிப்பு மேசையில் இடம் இல்லை, வழக்கம் எதுவோ அதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

எனக்கு அந்த வீக்கம்தான் பயம். சுகாதார நர்ஸ் வந்து பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உப்பைக் குறைக்கணும், மனசைப் போட்டு அலட்டிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வேலை போனால் போகிறது, பிள்ளை நல்லபடியாக வந்தால் போதும் என்று எனக்கு இருந்தது. சொல்லியும் பார்த்தேன்.

“விட்டுரு தாயி. பொறவு பாத்துக்கலாம்.”

“பொறவு போனா நான் புது ஆளும்மா. எனக்கு வேலை பழகிக் குடுத்தவ கிட்டயில்ல, நான் பழகிக் குடுத்த பிள்ளை கிட்டப் போய் நிக்கணும். அவரு வண்டி ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் நிக்குது. என் வேலை எனக்கு வேணும்.”

மருமகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் எழுந்து போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னதும் அந்த நர்ஸ்தான். மகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டுப் பக்கமே நான் போனதில்லை. தனியாக விட முடியாது என்பதால் கூடப் போனேன்.

பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டே போனேன். தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் பயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சிவன் தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் என்பார்கள். கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, “நீரே பாத்துக்கிடும்” என்று மனசுக்குள் சொன்னேன். கேஸைச் சொன்னேனா பிரசவத்தைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

சட்ட உதவி அறையில் ஒரு வக்கீலம்மா இருந்தார். என் மகளை விட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். மகளுக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.

“வேலையை விட்டு யாரு நிறுத்தினது?”

மகள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். “யாரும் நிறுத்தலம்மா. வளையல் போட்டாச்சுல்லா.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வளையல் போட்டா வேலை போயிரும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு மகளே ஆணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றார், இல்லை என்றாள். “அது தனிக் கேள்வி, அதையும் கேப்போம்” என்றார்.

பிறகு எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் பேறுகாலச் சம்பளம் கொடுக்காமல் தப்ப முடியாது. முதல் பிள்ளைக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு உண்டு. பிரசவம் நெருங்குகிற காலத்தில், நெடுநேரம் நிற்கிற வேலை முடியாது, லேசான வேலை கொடுங்கள் என்று கேட்க உரிமை உண்டு, கேட்டதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. “மொதல்ல கம்பெனியைப் பேசக் கூப்பிடுவோம். ஒத்து வரலைன்னா தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டருக்குப் புகார். அதுக்கும் மேல கோர்ட்டு இருக்கு.”

திரும்பும்போது மகள் பஸ்ஸில் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உரிமை உண்டு, உண்டு என்று அவர் சொன்னதெல்லாம் காதிலேயே இருந்தது. கேட்ட பிறகு அந்த ஊரில், அந்தத் தெருவில், அந்தக் கம்பெனிக்கு முன்னால் நாங்கள்தானே நடமாட வேண்டும்.

பேச வரச் சொல்லி வக்கீலம்மா கம்பெனிக்குக் கடிதம் அனுப்பிய பிறகு நாட்கள் நகரவே இல்லை. ஒரு சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. மகளின் வயிற்றைத் தடவி, பையன்தான் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? முதலாளி ரொம்ப வருத்தப்படுதாரு. ஒங்க தெருப் பிள்ளைக எம்புட்டுப் பேரு அங்க வேலை பாக்குது, அதுகளையும் யோசிக்கணும்லா.”

நான் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். பால் பொங்கி வழிந்தது. அவர் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அங்கேதான் வேலை பார்த்தாள். மறுநாள் அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது வெயிலுக்காகவா வேறு எதற்காகவா என்று யோசித்தே எனக்கு அந்தப் பகல் போனது.

பேச்சுவார்த்தை நாளன்று காலையிலேயே தேவதானத்திலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கிவிட்டார். மகளின் மாமியார். வாசலிலேயே ஆரம்பித்தார்.

“மதினி, பிள்ளைத்தாச்சிய கோர்ட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துதீயளே, ஒங்களுக்கே நல்லாருக்கா? எங்க குடும்பத்துல கோர்ட்டு கட்டடம் எந்த நெறம்னுகூட யாருக்கும் தெரியாது.”

“மஞ்சள் நெறம் அத்தை” என்றாள் மகள்.

“வாயப் பாரு. வயித்துல இருக்கதும் இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.”

ஏசிக்கொண்டே எங்களோடு பஸ் ஏறினார். தடுக்க வந்தவர் ஏன் கூட வந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஜன்னலோரம் மகளை உட்கார வைத்து, வெயில் படாமல் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

சட்ட உதவி அறையில் மேனேஜர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க யாரையும் நிறுத்தல மேடம். இவங்க கர்ப்பமா இருக்கிறதா எங்களுக்கு எழுத்து மூலமா எதுவும் தெரிவிக்கலை. வளையலோட வந்தாங்க, பாதுகாப்புக்காக விடலை. அவ்வளவுதான். வளையலக் கழட்டி வெச்சிட்டு நாளைக்கே வேலைக்கு வரட்டும். எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது.”

கழற்றினால் வேலை, கழற்றாவிட்டால் அவளாகத்தான் நின்றுகொண்டாள் என்று ஆகிவிடும். மகள் தன் கையைப் பார்த்தாள். பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை வளையல். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டுக்குப் போயின. கழற்றிவிடுவாளோ என்று பயந்துபோனேன். கழற்றாதே என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை.

சத்தம் போட்டது சம்பந்தியம்மா.

“ஏன்யா, தெரியாதுங்கீய? வளைகாப்பு அன்னைக்கு எம் மருமக கையில வளையல் போட்டது ஒங்க சூப்பர்வைசரம்மா இல்லையா? போட்டதோட போனாவளா? புளிச்சோத்த ரெண்டு மட்டம் வாங்கிச் சாப்பிட்டாவ. பொட்டலமும் கட்டிக்கிட்டுப் போனாவ. அப்ப மிஷின்ல மாட்டும்னு ஞாபகம் வரலையாக்கும்?”

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார்.

“இருங்க, நான் இன்னும் முடிக்கல. போட்டவியளே கழத்துன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க கம்பெனி பேண்டேஜ் சுத்திவிடுமோ?”

வெளியே வராந்தாவில் நின்ற யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மாவும் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. “கர்ப்பம்னு தெரியாதுன்னு இனிமே நீங்க சொல்ல முடியாது சார். மிஷின்ல வளையல் கூடாதுங்கிறது சரி, அதை நாங்க கேக்கவே இல்லை. மிஷின் இல்லாத வேலை உங்ககிட்ட இருக்கு. அவங்க கேட்டும் நீங்க குடுக்கலை. அதுதான் இங்க விஷயம்.”

மகள் அப்போதுதான் பேசினாள். “நான் வளையலையும் கழத்த மாட்டேன், வேலையையும் விட மாட்டேன் சார். மடிப்பு டேபிள் குடுங்க.”

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பும் வரை நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வந்து, மடிப்பு மேசை, அதே கூலி, சரி என்றார். லீவுச் சம்பளம் பற்றி முதலாளி பிறகு பேசுவார் என்றார். அதையும் இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் புகார் நாளைக்கே போகும் என்றார் வக்கீலம்மா. மறுபடியும் போன், மறுபடியும் வராந்தா. கடைசியில், சட்டப்படி லீவும் சம்பளமும், பிரசவத்துக்குப் பிறகு அதே ரோலிங் மிஷினில் பழைய ஆளாகவே வேலையும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது அவர் என்னைப் பார்த்தார். நான்தான் இதற்கெல்லாம் காரணம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சம்பந்தியம்மா மகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். “இனிமே கோர்ட்டு கீர்ட்டுன்னு என்னைக் கூப்பிடாதீய” என்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கையெழுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்துவிட்டது, கம்பெனி கேட் ராஜபாளையத்தில் அல்லவா இருக்கிறது என்று அன்று முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போனாள். வாட்ச்மேன் உள்ளே விட்டார். மடிப்பு மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளோடு பேசவில்லை. சாயங்காலம் ஷிப்டு முடிந்து, கையில் ஒரு வளையல்கூடக் குறையாமல் வீட்டுக்கு வந்தாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி மறுநாளைக்கு எடுத்து வைத்தாள்.