போனுக்குள் அடங்காத பஸ்

"...ரெண்டு எழுத்தும் ஒரு வீலுந்தான் சார் தெரியுது. என் வண்டி எங்க?" என்றார் பஸ்காரர், தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி.

காக்ஸ் டவுனில் என் வீட்டு முன்னறைதான் எனக்கு ஆபீஸ். சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. வருகிறவர்கள் குறை சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டதுதான். 'என் கடைக்குத் தலையே இல்லியே' என்பார் ஒருவர். 'மூஞ்சி அப்பளமாயிடுச்சு' என்பார் இன்னொருவர். பிழையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பஸ்காரர் ஆஸ்டின் டவுன்வாசி. ஒரு முதலாளியின் டூரிஸ்ட் பஸ்ஸை வேளாங்கண்ணிக்கும் திருவண்ணாமலைக்கும் பல வருஷம் ஓட்டியவர். அதே பஸ்ஸை அந்த முதலாளியிடமிருந்தே வாங்கி, பக்கவாட்டில் முன்சக்கரம் தொட்டுப் பின்சக்கரம் வரை தன் மகளின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பக்கவாட்டுப் படத்தைத்தான் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் எழுத்துகளுக்குப் பின்னால் விரித்திருந்தேன். கம்ப்யூட்டரில் பஸ் முழுசாக, ஜம்மென்று நின்றது. போன் திரை ஒடுக்கம். படம் அதன் உயரத்தை நிரப்பப் பெரிதாகி, இருபுறமும் வெளியே வழிந்து, நடுத்துண்டு மட்டும் மிஞ்சியது.

"ஸ்வல்ப, கொஞ்சூண்டு இழுத்து உள்ள தள்ளுங்க சார். ஃபிளெக்ஸ் கடையில பண்றாங்களே!"

தள்ளிக் காட்டினேன். பஸ் ஒடுங்கி நெட்டையாக நின்றது. கூட வந்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா இது, பஸ்ஸா லிஃப்டா?"

சரி, முழுப் படமும் அடங்கும்படி சுருக்கினேன். பஸ் தீப்பெட்டியானது. மீதி இடத்தை என்ன செய்வதென்று நான் சொல்லாமல் விட்டதால், பிரௌசர் தன் இஷ்டத்துக்கு அதே படத்தை மேலும் கீழும் அடுக்கிவிட்டது. திரை முழுக்க பஸ்கள்.

"டிப்போ!" என்று அந்த அம்மா கைதட்டினார். "வுடுங்கண்ணா, அப்படியே இருக்கட்டும். இத்தினி வண்டிக்கும் இவருதான் ஓனருன்னு ஊரு நெனச்சிக்கட்டும். இவரு மட்டும் இன்னும் தன்னை டிரைவர்னே நெனச்சினுகீறாரு."

பஸ்காரர் சிரிக்கவில்லை. நான் அடுக்கை நிறுத்தி ஒற்றை பஸ்ஸை மட்டும் விட்டேன். பெயரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

"பேரு தெரியணும் சார். தெரிஞ்சாத்தான் சொந்த வண்டின்னு நம்புவாங்க. இல்லேன்னா புரோக்கர்னு ஃபோனை வச்சிடுவாங்க."

படுத்திருக்கிற படத்தை நிற்கிற திரையில் போட்டால் ஒன்று வெட்டுப்படும், இல்லை சின்னதாகும் என்றேன். போனுக்கென்று உயரவாக்கில் வேறொரு படம் வைத்துவிட்டால், திரையின் அகலத்தைப் பார்த்து பிரௌசரே எடுத்துக்கொள்ளும். "வண்டிக்கு நேர் முன்னாடி நின்னு எடுத்தாப் போதும்."

மனைவி அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஏன் என்பது மறுநாள் காலை, அவர் வண்டி நிறுத்தும் அத்திபெலேயில் தெரிந்தது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் காலி மனையில் பஸ் நின்றது. முன் கண்ணாடியின் மேல்விளிம்பில், மஞ்சள் ஸ்டிக்கரில், பழைய முதலாளியின் பெயர் அப்படியே இருந்தது.

"வாங்கினப்பவே பிச்சிப் போடுன்னேன்ணா," என்றார் அந்த அம்மா. "எதிர்ல வர்றவனுக்கெல்லாம் அந்த ஆளு பேரு. ஓவர்டேக் பண்றவனுக்கு மட்டுந்தான் எங்க பொண்ணு பேரு."

"இதைப் பார்த்துத்தான ஏறுறாங்க. 'அந்த வண்டியா, நம்பிப் போலாம்'ன்றாங்க. எடுத்துட்டு ஒருத்தனும் வரலேன்னா இன்னா பண்றது?"

"இத்தினி வருஷம் ஓட்டினது யாரு? அந்த ஸ்டிக்கரா ஓட்டுச்சு?"

நான் படமெடுத்தேன். நான்கு புறமும் கொஞ்சம் காலி விட்டு எடுத்தேன், வெட்டு விழுந்தால் வானமும் தரையும் போகட்டும் என்று. மடியில் லேப்டாப்பை வைத்து அங்கேயே ஏற்றி, அவர் போன், அந்த அம்மாவின் சின்ன போன், என் டேப்லெட் என்று ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தோம். கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் எல்லாம் கச்சிதம். பெயர் எதிலும் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் அது பழைய முதலாளியின் பெயர்.

"இந்தாளுக்கு மட்டும் எல்லா போன்லயும் எடம் கீது பாரு," என்றார் அந்த அம்மா.

படத்தில் அந்தப் பெயரை அழித்துவிடலாம், எனக்கு அது பெரிய வேலை இல்லை என்றேன்.

பஸ்காரர் போனைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"போன்ல அழிச்சிடுவீங்க சார். ஏறக் காத்துனு நிக்கிறவன் வண்டியைத்தான பார்ப்பான்?"

போனை மனைவியிடம் கொடுத்தார். டிரைவர் சீட்டில் ஏறி, தன் ஷேவிங் சாமான் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி மேல் வீசி ஊற்றினார். பிறகு பம்பரில் ஏறி, ஒரு கையால் பக்கக் கண்ணாடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்தின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.